22 எழுத்துக்கு இடமுண்டு

"பழங்குப்பையை ஏன் கிளறுகிறாய்?" என்று கேட்டார் விடுதி நண்பர் ஒருவர். நான் கிளறிக்கொண்டிருந்தது குப்பையன்று. 1987ஆம் ஆண்டில் பிறந்த ஓர் இசைமுறை. டிராக்கர் என்பது அதன் பெயர். ஐரோப்பிய இளைஞர்கள் வீட்டுக் கணிப்பொறியில் பாட்டமைத்த கதைக்கும் தமிழ்ச் சங்க இதழுக்கும் என்ன உறவு என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், தோழர்களே! நம் சங்க ஆண்டு விழாவுக்கு முகப்பிசை அமைக்கப் போகிறோம். அதற்கு வேண்டிய பறையொலியையும் உருமியொலியையும் விலைக்குக் கிடைக்கும் ஒலித்தொகுப்பு ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் எனச் செயற்குழுவில் பேச்சு நடக்கிறது. அப்பேச்சு என்னை உறுத்துகிறது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தப் பழங்கதை.

வீட்டுக் கணிப்பொறிகள் முதலில் தாமே ஒலியை உண்டாக்கின. 1982இல் வந்த கமடோர் 64 ஒரே நேரத்தில் மூன்று குரல்கள் பாடும். ஸ்பெக்ட்ரம் எனும் மலிவுப் பொறிக்கோ ஒரே கீச்சுக் குரல். 1985இல் வந்த அமிகா வழியை மாற்றிற்று. அதனுள் இருந்த பாலா என்ற சில்லு, முன்பே பதிவு செய்த எந்த ஒலியையும் திருப்பி ஒலிக்கும். ஒரே நேரத்தில் நான்கு ஒலிகள். நாய் குரைத்தாலும் சரி, கதவு கிறீச்சிட்டாலும் சரி, அதை உயர்த்தியும் தாழ்த்தியும் பண்ணாக்கலாம். இதை ஆள்வதற்கென்று ஜெர்மானியரான கார்ஸ்டன் ஒபார்ஸ்கி 1987இல் எழுதிய நிரல்தான் அல்டிமேட் சவுண்ட்டிராக்கர். கடையில் அது பெரிதாக விலைபோகவில்லை. ஆனால் இளைஞர் கூட்டம் அதைப் பிரித்துப் பார்த்தது, திருத்தியது, நாய்ஸ்டிராக்கர், புரோடிராக்கர் என்று வேறு வேறு பெயரில் பரப்பியது. யாரிடம் இசைவு கேட்டார்கள்? யாரிடமும் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்தத் திரையைப் பார்த்தால் முதலில் கணக்குப் புத்தகம் போலிருக்கும். நான்கு பத்தி, மேலிருந்து கீழாக 64 வரி, ஒவ்வொரு வரியிலும் சுரத்தின் பெயர், கருவியின் எண், ஒலியை வளைக்கவோ நடுக்கவோ ஒரு கட்டளை. வரிகள் கீழிருந்து மேலே ஓட ஓட இசை நடக்கும். 64 என்ற எண்ணைக் கண்டதும் எனக்கு உள்ளம் துள்ளிற்று. ஆதி தாளத்திற்கு எட்டு அட்சரம். இரண்டு களையாக்கி, களைக்கு நான்கு மாத்திரை வைத்தால் 64! அவர்கள் அதை அறிந்து வைத்தார்கள் என்று சொல்லவரவில்லை. இரண்டால் இரண்டாகப் பெருக்கிப் போகிறவன் எந்த நாட்டில் இருந்தாலும் 64க்குத்தான் வந்து சேருவான். மாற்றாமல் விட்டால் ஒரு வரிக்கு 0.12 நொடி, ஓர் ஆவர்த்தனம் 7.68 நொடியில் முடிந்துவிடும். மிச்ர சாப்பு வேண்டுமா? 56 வரி முடிந்ததும் முறித்துவிடு என்று ஒரு கட்டளை எழுதினால் போதும். கைவிரலில் தாளம் எண்ணத் தெரிந்தவனுக்கு இக்கருவி அயலன்று.

ஆயினும் நம் நாட்டு இளைஞர் கையில் அது அந்நாளில் கிட்டவில்லை. 1984இல் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தில் பிபிசி மைக்ரோ என்ற பொறி நம் பள்ளிகள் சிலவற்றுக்கு வந்தது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஒரு பொறியைச் சுற்றி நின்று பார்க்கும் நிலையில் அதில் பாட்டமைக்க நேரமேது? 1986இல் இளையராசா இசையமைத்த 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்களில் கணிப்பொறி இசை ஒலித்தது. அது ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது, வீட்டில் நடந்ததன்று. அறைக்குள் உட்கார்ந்து, பிழையாகப் போட்டு, அழித்து, நண்பனுக்கு அனுப்பி, அவன் கோப்பைத் திறந்து பார்த்துக் கற்றுக்கொள்ளும் அந்த இடைக்காலம் நமக்கு வாய்க்கவேயில்லை. கேட்போராக இருந்தோம், நேரே கைப்பேசிக்கு வந்து சேர்ந்தோம், இன்றும் பெரும்பாலும் கேட்போராகவே இருக்கிறோம்.

கோப்பைத் திறந்து பார்த்து என்றேன். அதுதான் பொருள். டிராக்கரின் மாட் கோப்பில் பாட்டு மட்டும் இராது. அதன் சுரக்குறிப்பு முழுவதும், ஒலித்துண்டுகள் அத்தனையும் திறந்தபடி இருக்கும். தொடக்கத்தில் 15 ஒலித்துண்டுகள், பின்னாளில் 31. ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுத 22 எழுத்துக்கு இடமுண்டு. அவ்விளைஞர்கள் அங்கே என்ன எழுதினார்கள் தெரியுமா? நண்பர்க்கு வணக்கம், தம் ஊர்ப்பெயர், எதிரணிக்கு வசை! இந்தக் கலைக்கூட்டத்தின் மரபை ஃபின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும் தம் வாழும் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டன. எல்லாம் சரி. ஒலியை அடித்தவன் பெயரை அந்த 22 எழுத்தில் எழுதினார்களா? அரிதே.

இது சிறு குறையா? 1969இல் வின்ஸ்டன்ஸ் என்னும் அமெரிக்கக் குழு பதிவு செய்த ஒரு பாட்டில், கிரெகரி கோல்மன் என்பவர் சில நொடிகள் தனியே முரசு அடித்தார். அந்தச் சில நொடிகளை வெட்டியெடுத்து உலகமெங்கும் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வைத்துவிட்டார்கள். டிராக்கரில் நடனப் பாட்டு அமைத்தவர்களுக்கு அது அன்றாடச் சோறு போல. கோல்மன் 2006இல் இறந்தார். அந்த அடிக்காக அவர் கைக்கு உரிமைத்தொகை ஒன்றும் வரவில்லை. குழுத்தலைவருக்கு மட்டும் 2015இல் அன்பர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அடித்தவர் அதைக் காண உயிரோடில்லை.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். என் தந்தையார் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வாளையாற்றில் குடியேறியவர். 2017இல் வரி முறை மாறும் வரையில் அவ்வூர் என்றாலே சோதனைச் சாவடியும் கண்ணுக்கெட்டிய தொலைவு லாரிகளுந்தாம். எல்லையில் சரக்கைத்தான் நிறுத்திக் கேட்டார்கள். எங்கள் மாரியம்மன் நோன்பும் உருமியும் யாரையும் கேளாமல் கடந்து வந்தன. சென்ற விடுமுறையில், அங்கே உருமி அடிக்கும் பெரியவர் ஒருவரிடம் சென்று, ஒலியைப் பதிந்துகொள்ளலாமா என்று கேட்டேன். உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள், மறுமுகத்தை அடிப்பார்கள். தேய்க்கும்போது எழும் அந்த உறுமலை ஒருமுறை பதிந்து, டிராக்கரில் ஏற்றி இறக்கினால் போதும் என்று அவரிடம் விளக்கினேன். பெரியவர் சிரித்தார். "ஏங் கண்ணு, ஒரே ஒறுமல வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவே? அழுத்தறதுக்குத் தக்கனயல்ல அது பேசும்" என்றார். நான்கு அழுத்தத்தில் நான்கு வகையாகத் தேய்த்துக் காட்டினார். அறிவியலும் அவர் பக்கமே: பதிந்த ஒலியை விரைவாக ஓட்டினால் குரல் உயரும், கூடவே நீளமும் குறையும், உறுமல் கீச்சாகிவிடும். நான்கு துண்டுகள் நான்கு எண்களாயின. விலைக்கு வாங்கும் தொகுப்பில் இவ்வளவும் கிடைக்குமா? ஒருவேளை கிடைக்கலாம். தேய்த்த கை யாருடையது என்பது கிடைக்குமா?

பொறி இசை உயிரற்றது என்று சொல்லும் நண்பர்களும் உளர். எங்கள் மாவட்டத்துப் பாலக்காடு மணி ஐயர், மிருதங்கத்தின் நாதத்தை ஒலிபெருக்கி கெடுக்கிறதென்று அதை வேண்டாமென்றவர். அவர் காது அத்தகையது. 256 படிகளில் ஒலியை வெட்டும் பழைய அமிகாவைக் கேட்டிருந்தால் எழுந்தே போயிருப்பார். டிராக்கரில் கமகம் நிற்காது, மிருதங்கத்தின் சாப்பும் முழுதாக நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். நாம் கச்சேரி வைக்கவில்லை. மூன்று நிமிட முகப்பிசை வைக்கிறோம். அதை நாமே அமைப்போம். மில்க்கிடிராக்கர், ஓப்பன்எம்பிடி ஆகிய நிரல்கள் விலையின்றியே கிடைக்கின்றன. சங்க அறையிலுள்ள பழைய கணிப்பொறியே போதும்.

22 எழுத்து இடத்தில் ஓர் இடர் உண்டு. அது ஆங்கில எழுத்துக் கணக்கு. யூனிகோடு முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று இடம் வேண்டும். புள்ளியும் கொம்பும் தனித்தனியே எண்ணப்படும். ஏழு குறியோடு பெயர் பாதியில் அறுந்துபோகும். பழைய நிரல்களோ தமிழெழுத்தையே அறியா. ஆகவே உருமிக்காரர் பெயரை ஆங்கில எழுத்தில் முதற்பெட்டியிலும், ஊரை அடுத்த பெட்டியிலும், அவர் விரும்பிச் சொன்ன அவர் ஆசானின் பெயரை மூன்றாம் பெட்டியிலும் எழுதினேன். கோப்பு சங்க அறைக் கணிப்பொறியில் இருக்கிறது, திறந்து பாருங்கள்.

செயற்குழுவினர்க்கு என் வேண்டுகோள் இதுவே. ஒலித்தொகுப்பு வாங்கவென்று ஒதுக்கிய பணத்தைப் பறையடிப்பவர் ஒருவருக்கும் உருமியடிப்பவர் ஒருவருக்கும் அரைநாட் கூலியாகக் கொடுங்கள். எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்ய வேண்டாம், அவர்களைக் கேட்போம். விழா அழைப்பிதழில் இசை என்ற சொல்லுக்கு எதிரே அவர்கள் பெயர் தமிழில், முழுதாக, அறாமல் அச்சாகட்டும். பதிவுக்கு நான் வருகிறேன். தீ மூட்டிப் பறை காய்ச்ச இடம் வேண்டும், விடுதிக் காப்பாளரிடம் கேட்டு வைக்க யாரேனும் முன்வாருங்கள்.