கல்முகமும் மனித முகமும்

செஞ்சிக்கு அடுத்த தளவானூரில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் என்னும் குகைக்கோயில் இருக்கிறது. அது மத்திய தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. அங்குள்ள சிலையொன்றின் முகத்தைச் செப்பனிடுகிறேன் என்று யாரேனும் உளியுடன் புகுந்தால், 1958-ஆம் வருஷத்துச் சட்டம் அவரைக் குற்றவாளியாக்கும். கல்முகத்துக்கு இத்தனை காவல் இருப்பது நியாயமே. மனித முகத்துக்கு அவ்வளவு காவலேனும் வேண்டாமா என்று கேட்கிறோம்.

சரிந்த கன்னத்தையும் தாடையையும் நூலிட்டுத் தூக்கும் சிகிச்சை இன்று பெருநகரங்களில் பலமாக விளம்பரம் செய்யப்படுகிறது. மரப்பு ஊசி போட்டு, மெல்லிய ஊசிக்குழாய் வழியே தோலின் அடியில் நூலைச் செலுத்துகிறார்கள். நூலிலுள்ள சிறு முட்கள் தசையைக் கவ்வி மேலே இழுக்கின்றன. பாலிடையாக்சனோன் என்னும் பொருளாலான நூல் சில மாதங்களில் உடம்பிலேயே கரைந்துவிடும். முள் நூலை 1990-களில் பிரபலமாக்கியவர் சுலமனிட்ஸே என்னும் அறுவை வைத்தியர்.

முகத்தைச் சீர்செய்யும் வித்தையை நாம் இகழவில்லை. அறுபட்ட மூக்கை நெற்றித் தோலால் புதுக்கும் புனாவின் முறையை லண்டன் பத்திரிகையொன்று 1794-இல் வெளியிட்டது. அதைப் படித்தறிந்தே கார்ப்பியூ என்ற ஆங்கில வைத்தியர் 1814-இல் அச்சிகிச்சையைச் செய்தார். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் கையும் முகமும் சிதைந்தோர்க்கு அறுவை செய்து, அவர்கள் ஊராரின் முன் தலைநிமிர்ந்து நிற்க வழி செய்தார். வைத்தியத்துக்கு இதைவிடப் பெருமை வேறென்ன?

ஆனால், நூல் சிகிச்சையை 'கத்தியின்றி, வலியின்றி, மதிய உணவு வேளைக்குள் இளமை' என்று விற்பதை நாம் ஆட்சேபிக்கிறோம். கத்தி இல்லை என்பதனால் அது அறுவைச் சிகிச்சை அல்ல என்றாகிவிடாது. அதன் பலன் நிரந்தரமன்று. பெரும்பாலும் ஓராண்டு அளவில் மங்கிவிடுகிறது. தோலில் குழி விழலாம், முகம் ஒருபுறம் கோணலாம், நூல் வெளியே தெரியலாம், சீழ் பிடிக்கலாம், அரிதாக முகநரம்பும் உமிழ்நீர்க்குழாயும் சேதமுறலாம். தேர்ந்த வைத்தியர் இவற்றை முன்கூட்டியே சொல்லி, நேர்ந்தால் உடனே கவனிப்பார். ஒப்பனைக் கடையில் ஊசி பிடிப்பவருக்கு அந்த அறிவு எங்கிருந்து வரும்?

2016-இல் சென்னையில் தலைமுடி நடும் சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்ததை நாடு மறக்கலாகாது. அதற்குப் பின், 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், பயிலரங்கிலோ காணொளியிலோ பார்த்துக் கற்றது இத்தகைய சிகிச்சை செய்வதற்குத் தகுதியாகாது என்று தெளிவாகக் கூறியது. தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களுக்கான 1997-ஆம் வருஷத்துச் சட்டமும், 2018-இல் வந்த அதன் விதிகளும் இருக்கின்றன. ஆகவே குறை சட்டத்தில் இல்லை. அதை நடத்திவைக்கும் உறுதியில்தான் இருக்கிறது.

சர்க்கார் செய்யவேண்டியது இவ்வளவே: முகத்தில் ஊசி செலுத்தும் ஒவ்வொரு நிலையத்தையும் பதிவு செய்விக்க வேண்டும், வைத்தியரின் பெயரும் தகுதியும் வாயிலில் யாவரும் காணும்படி இருக்க வேண்டும், அபாயங்களைத் தமிழில் எழுதிக் காட்டியே சம்மதம் பெறவேண்டும், பொய் விளம்பரத்துக்குத் தண்டனை விதிக்க வேண்டும்.

பொதுஜன ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. கலியாணச் சந்தையும் உத்தியோகச் சந்தையும் முகத்தை நிறுத்துப் பார்ப்பதனால்தான் இந்த வியாபாரம் தழைக்கிறது. மூப்பை வெட்கமாக்கும் வழக்கத்தைக் கண்டித்துப் பேசுவதும் தேசத்தொண்டே. தளவானூரின் பாறைக்குக் காட்டும் மரியாதையை அவ்வூர்ப் பெண்ணின் முகத்துக்கும் காட்டினாலன்றி, நமது நாகரிகம் முழுமை பெறாது.