தெருநாய் விவாதமும் வீட்டு நாயின் தடுப்பூசியும்

தில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு 2025 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்டு 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதனைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்ட நாய்களைப் பிடித்த பகுதியிலேயே விடலாம். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடலாகாது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றும் ஆணை நவம்பர் 7 அன்று வந்தது.

இவ்விவாதம் முழுவதும் தெருவைப் பற்றியது. ஆனால் ரேபிஸ் எனப்படும் வெறிநோய், தெருநாய் வீட்டு நாய் என்று வேறுபாடு பார்ப்பதில்லை. தெருநாய் கடித்தால் உடனே மருத்துவமனைக்கு வருவோர், தம் நாயோ அண்டை வீட்டு நாயோ கடித்தால் “தெரிந்த நாய்தானே” என்று நாள்களைக் கடத்திவிடுகின்றனர். அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து உயிர் பிழைப்பது மிக அரிது. ஆகவே அந்தத் தாமதமே பேராபத்தாகும்.

பொறுப்பு யாருடையது?

தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை. வளர்ப்பு விலங்கின் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவற்றுக்கு உரிமையாளரே பொறுப்பு என்று 2023 ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கூறுகின்றன. நாய்வழி ரேபிஸை 2030க்குள் ஒழிப்பது தேசியச் செயல்திட்டத்தின் இலக்கு. வீட்டு நாய்களை விட்டுவிட்டு அவ்விலக்கை எட்ட இயலாது.

குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் ரேபிஸ் தடுப்பூசியும், கால்நடை மருத்துவர் குறிக்கும் நாளில் ஊக்கத் தவணையும், பின்னர் ஆண்டுதோறும் ஒரு தவணையும் போட வேண்டும். முதல் ஊசியோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். இரவில் அவிழ்த்துவிடப்படும் நாய் தெருநாயுடன் சண்டையிட்டுத் திரும்புவதை நாம் அறிவதில்லை. விளையாட்டாகக் கடிக்கும் குட்டியும் தடுப்பூசி போடாததாக இருக்கலாம் என்பதை மறவாதீர்கள். பூனைகளுக்கும் இது பொருந்தும்.

பருவகால இடர்கள்

மழைக்காலத்தில் எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் நாய்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். நோயுற்ற நாயின் சிறுநீர் மூலம் அது மனிதருக்கும் பரவக்கூடும். தேங்கிய நீரைக் குடிக்க விடாதீர்கள். கையுறை அணிந்து கூண்டைச் சுத்தம் செய்யுங்கள். நாய்க்கான எலிக்காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். காதிலும் விரலிடுக்கிலும் உண்ணிகள் உள்ளனவா என்றும் பாருங்கள்.

கோடையில் நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடல் வெப்பத்தைத் தணிக்கிறது. பூட்டிய காரிலோ வெயில் படும் மொட்டை மாடியிலோ அதைக் கட்டிவைப்பது உயிருக்கு ஆபத்து. நிழலும் குடிநீரும் எந்நேரமும் இருக்க வேண்டும்.

கடியோ கீறலோ ஏற்பட்டால்

- காயத்தை ஓடும் நீரிலும் சோப்பிலும் 15 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள்.
- அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ செல்லுங்கள். தோலில் போடும் தடுப்பூசியின் தவணைகள் 0, 3, 7, 28 ஆம் நாள்கள்.
- இரத்தம் வந்திருந்தாலோ, புண்ணில் அல்லது கண், வாய்ப் பகுதியில் எச்சில் பட்டிருந்தாலோ, தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும்.
- முன்னரே முழுத் தவணைகள் போட்டவர் அதை மருத்துவரிடம் கூறுங்கள். பொதுவாக 0, 3 ஆம் நாள்களில் இரு தவணைகள் போதும்.
- நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் மருத்துவரைக் காணுங்கள். அதன் தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்லுங்கள். நாயைப் பத்து நாள்கள் கண்காணிப்பது சிகிச்சையுடன் சேர்ந்து நடக்க வேண்டியது. அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.
- கருவுற்றோரும் பாலூட்டும் தாய்மாரும் இத்தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம். உணவில் பத்தியம் தேவையில்லை.

நாய்க்கு அடி விழும் என்றோ தமக்கு ஊசி போடுவார்கள் என்றோ அஞ்சிக் குழந்தைகள் சிறு கீறலை மறைப்பதுண்டு. கடித்ததைச் சொன்னால் திட்ட மாட்டோம் என்று அவர்களிடம் முன்கூட்டியே கூறிவையுங்கள். தங்கள் நாயின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். கடைசித் தவணை போட்டு ஓராண்டு கடந்திருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.