செயலி இல்லையென்றால் தொழிலாளி இல்லையா?

ஒரே நிறுவனத்தின் செயலி வழியாக ஓர் ஆண்டில் 90 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். பல நிறுவனங்கள் என்றால் மொத்தம் 120 நாள். மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 2025 டிசம்பர் இறுதியில் வெளியிட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் வரைவு விதிகள் போடும் கணக்கு இது. இந்தப் படியைத் தாண்டினால்தான் ‘கிக்’ தொழிலாளருக்கான நலத்திட்டங்களுக்குள் நுழைய முடியும். சாப்பாடு கொண்டுவந்து தருபவருக்கும் வாடகைக் கார் ஓட்டுபவருக்கும் இதனால் ஏதாவது கிடைத்தால் நல்லதுதான். ஆனால், போடிநாயக்கனூரில் மாடி அறையில் உட்கார்ந்து கல்யாண ஆல்பம் வடிவமைப்பவரின் நாள்களை எந்தச் செயலி எண்ணும்? அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டுவிட்டு மொழிபெயர்ப்பில் நாலு வரி முடிக்கிறவரின் நாள்களை? நாலைந்து கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு எழுதித் தருபவரின் நாள்களை?

இந்தச் சட்டத் தொகுப்பு 2020இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஐந்து ஆண்டுகள் தூங்கி, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு நாள் ஊறப்போட்டதற்கு மாவு பொங்கியிருக்க வேண்டாமா? ஏழாவது அட்டவணையில் வாகனச் சேவை, உணவு விநியோகம், இணையச் சந்தை, ஏன், ஊடக உள்ளடக்கச் சேவைகூட இருக்கிறது. எல்லாம் நடுவில் ஒரு பெரிய தளம் இருந்தால்தான். அந்தத் தளம் தன் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை நிதியத்துக்குக் கட்ட வேண்டும். தொழிலாளர்களுக்குக் கொடுத்த தொகையில் 5 சதவீதத்தை அது தாண்டக் கூடாது. பணம் வரும் வழி இது ஒன்றுதான் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ‘வீடுசார் தொழிலாளி’, ‘சுயதொழில் தொழிலாளி’ என்ற வரையறைகளும் அதே சட்டத்தில் உண்டு. அவர்களுக்காக மத்திய, மாநில அரசுகள் திட்டம் வகுப்பது பற்றியும் இருக்கிறது. அந்தத் திட்டத்துக்கு யார் காசு போடலாம் என்று அடுக்கும் சட்டம், யார் கட்டாயம் போட வேண்டும் என்ற இடத்தில் வாயை மூடிக்கொள்கிறது.

என்னை எரிச்சலூட்டுவது ஓர் எண். நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கை, 2020–21இல் நாட்டில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாகவும், 2029–30இல் 2.35 கோடி ஆவார்கள் என்றும் மதிப்பிட்டது. மேடைக்கு மேடை இந்த 2.35 கோடி முழங்குகிறது. அதே அரசின் இன்னொரு கட்டிடத்திலிருந்து வரும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பை யாரும் புரட்டுவதில்லை. 2017–18இல் வேலையில் இருந்தவர்களில் 52.2 சதவீதம் பேர் சுயதொழில் செய்தார்கள். 2023–24இல் அது 58.4 சதவீதம். மாதச் சம்பளக்காரர்களின் பங்கு அதே காலத்தில் 22.8இலிருந்து 21.7 ஆகக் குறைந்தது. திரும்பப் படியுங்கள்: பத்தில் ஏறக்குறைய ஆறு பேர் சுயதொழிலில். மாதம் பிறந்தால் சம்பளம் என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது. விவசாயியும் பெட்டிக்கடைக்காரரும் கூலியில்லாமல் கடையில் நிற்கும் மகளும் இந்த 58.4இல் அடக்கம் என்று புள்ளியியல் நண்பர்கள் குறுக்கே வருவார்கள். அடக்கமாகவே இருக்கட்டும். ஆல்பம் வடிவமைப்பவரும் அவர்களுடன்தான் இருக்கிறார். அந்தக் கூட்டத்தில் அவரைத் தேடுவதற்குக்கூட அரசுக்கு மனமில்லை. நாட்டின் உழைப்பு இருப்பது 58.4இல். சட்டம் எழுதப்பட்டிருப்பது 2.35 கோடிக்கு.

வீடே அலுவலகம்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு அலைச்சல் மிச்சம், செலவு மிச்சம் என்பது நகரத்து மாயை. அலுவலகம் வைத்திருக்கும் முதலாளி கொடுக்க வேண்டிய நாற்காலி, மின்சாரம், இணையம், டீ எல்லாம் இங்கே குடும்பச் செலவில் போய்க் கலந்துவிடுகின்றன. 2023–24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி நகரத்து இந்தியாவில் ஓர் ஆளின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். நான்கு பேர் குடும்பத்துக்கு ஏறக்குறைய 28,000. அதில் உணவுக்கு மட்டும் 39.68 சதவீதம், அதாவது 11,000 ரூபாய்க்குச் சற்று மேல். இந்த உணவுக் கணக்குக்குள் அவருடைய அலுவலகச் சிற்றுண்டிச்சாலை ஒளிந்திருக்கிறது. மதியம் வீட்டில் ஆள் இருந்தால் மதியமும் அடுப்பு எரிய வேண்டும். பழைய சோறும் வெங்காயமும் காலையோடு சரி. இரண்டு மணிக்கு ரசமாவது வேண்டும். வேலையைக் கொடுத்தவர் தொலைபேசியில் வரும்போது குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்று தீயைக் குறைத்துவைத்துச் சமைக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். சமையல் செய்பவரும் வேலை பார்ப்பவரும் ஒரே பெண்ணாக இருந்துவிட்டால் இந்தக் கணக்கு இன்னும் கொடுமை.

2025 ஏப்ரலில் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏற்றினார்கள். சென்னையில் 868 ரூபாய் 50 காசு ஆனது. ஓட்டல்காரர் வாங்கும் எரிவாயு அவருக்குத் தொழில் செலவு. பகல் முழுக்க வீட்டில் வேலை பார்ப்பவரின் எரிவாயு வெறும் வீட்டுச் செலவு.

மின்சாரத்தில் மட்டும் நம் மாநிலம் ஓர் உருப்படியான காரியம் செய்திருக்கிறது, சொல்லாமல் விடக் கூடாது. வீட்டோடு ஒட்டிய தொழில்முறையாளரின் ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால் அதற்கும் வீட்டுக் கட்டண விகிதமே பொருந்தும் என்று மின் கட்டண ஆணை சொல்கிறது. எவரோ ஓர் அதிகாரி, வீட்டில் உட்கார்ந்து பிழைக்கும் வக்கீலையும் ஆடிட்டரையும் நினைத்துப்பார்த்து எழுதிய வரி. ஆனால் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிச் சலுகைகளில் ஒரு பகுதி பறிபோகும். வெயில் காலத்தில் பகல் பூரா மின்விசிறியும் கணினியும் ஓடும் வீடு அந்தக் கோட்டைத் தாண்டுவது பெரிய காரியமில்லை.

பொழுதுபோக்கு என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. வேலை நேரம் நம் கையில், போடியிலிருந்து கிளம்பினால் குரங்கணி, மேலே ஏறினால் போடிமெட்டு, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், குளிர். படம் எடுக்கலாம், பறவை பார்க்கலாம். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, அது தேவைதான். இப்போது குரங்கணி–சாம்பலாறு பாதை அரசின் மலையேற்றத் திட்டத்தில் இருக்கிறது, இணையத்தில் முன்பதிவு செய்து பணம் கட்டினால் போகலாம். வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற மலைக்குச் சீட்டு வாங்க வேண்டும். வாங்கலாம், போன மாத வேலைக்குப் பணம் வந்திருந்தால். அது வராத மாதத்தில் கேமராவே வாடகைக்குப் போகிறது. அடுத்த மாதம் முகூர்த்தம் என்றால் பொழுதுபோக்கு தொழிலாகிறது. சுயதொழில்காரரின் பொழுதுபோக்குக்கு ஆயுள் குறைவு.

தேதியில்தான் சிக்கல்

சுதந்திரமாக வேலை பார்ப்பவரின் பிரச்சினை குறைந்த வருமானம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. தேதி இல்லாத வருமானம்தான் பிரச்சினை. வீட்டு வாடகைக்குத் தேதி உண்டு. மின் கட்டணத்துக்கு, மகளிர் குழுத் தவணைக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு, சீட்டுக்கு எல்லாம் தேதி உண்டு. முடித்துக்கொடுத்த வேலைக்கு வர வேண்டிய பணத்துக்கு மட்டும் தேதி கிடையாது. ‘அக்கவுண்ட்ஸில் போட்டிருக்கிறோம் சார்’ என்பதுதான் தேதி.

இதில் முதல் குற்றவாளி அரசே. தொழில்முறைக் கட்டணம் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் பணம் கொடுப்பவர் 10 சதவீதம் வரி பிடித்துக்கொள்கிறார். ஒருவருக்கு மாதம் 30,000 வருகிறது என்று வையுங்கள். மாதா மாதம் 3,000 போகிறது. மூன்று சிலிண்டருக்கு மேல். அவருக்கு வரியே கிடையாது. 12 லட்சம் வரை தள்ளுபடி என்று அறிவித்த அதே அரசு, முதலில் பிடித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு படிவம் தாக்கல் செய்த பிறகு திருப்பித் தருகிறது. ஏப்ரலில் பிடித்த பணம் அடுத்த ஆண்டு ஆடியிலோ ஆவணியிலோ வரும். ஏழை வீட்டின் 3,000 ரூபாயைக் கடனாக வாங்கி வைத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

போடிக்காரர்களுக்கு இது விளங்காமலிருக்க வாய்ப்பில்லை. காரணம், இதற்கான மாற்று அவர்கள் ஊரிலேயே நடக்கிறது. மலையில் தோட்டத்தில் விளைந்த ஏலக்காய், கிலோவுக்கு நாலைந்து கிலோ பச்சைக்காய் என்ற கணக்கில் உலர்ந்து, கீழே இறங்கி வருகிறது. எட்டு மில்லிமீட்டருக்கு மேல் தனி, அதற்குக் கீழ் தனி, வெடித்த காய் தனி என்று பிரிகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் போடியில் ஒன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் இடுக்கியின் புத்தடியில் ஒன்று. ஒவ்வொரு குவியலுக்கும் எண் உண்டு, மாதிரி உண்டு. வியாபாரி மாதிரியை உள்ளங்கையில் கொட்டி, நிறம் பார்த்து, மோந்து பார்த்து, பொத்தானை அழுத்துகிறார். எந்த எண், எத்தனை கிலோ, எந்த விலை, யார் வாங்கினார் என்பது பதிவாகிறது. நடுவில் உரிமம் பெற்ற ஏல நிறுவனம் நிற்கிறது. 1987ஆம் ஆண்டின் ஏலக்காய் உரிம, விற்பனை விதிகள் அதற்கு மேல் நிற்கின்றன. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனபோது, அந்த விலையை மறுநாள் காலையில் கம்பம் பள்ளத்தாக்கில் டீக்கடைக்காரர்கூடச் சொன்னார். இங்கே தகராறு இல்லாமல் இல்லை. மாதிரிக்கு எடுக்கும் காய், தாமதமாகும் பணம் என்று விவசாயிகளுக்குக் குறை உண்டு. ஆனால் குறையைச் சொல்ல ஓர் ஆள் உண்டு, ஒரு விதி உண்டு.

அதே காயைத் தரம் பிரிக்கும் பெண்களுக்கு என்ன உண்டு? அவர்கள் கையில் எண் இல்லை, பலகையில் விலை இல்லை. ஆல்பம் வடிவமைப்பவரும் அவர்களோடு ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறார். காய்க்கு இவ்வளவு மரியாதை கொடுக்கத் தெரிந்த ஒரு தேசம், அந்தக் காயைத் தொட்ட கைக்கு ஏன் கொடுக்கவில்லை? ஒரு பொருளின் விலையையும் வாங்கியவரையும் பதிவுசெய்ய முடிகிறது. ஒரு வேலையின் விலையையும் கொடுக்க வேண்டிய நாளையும் பதிவுசெய்ய முடியாது என்று சொல்பவர்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று அர்த்தமில்லை. மனம் இல்லை என்றுதான் அர்த்தம்.

‘உத்யம்’ பதிவு இருக்கிறதே, குறு, சிறு நிறுவனச் சட்டப்படி 45 நாளில் பணம் கொடுக்க வேண்டுமே, தவறினால் வங்கி விகிதத்தைப்போல மும்மடங்கு கூட்டுவட்டி உண்டே என்று பட்டயக் கணக்காளர்கள் சொல்வார்கள். உண்மை. அடுத்த மாதமும் வேலை தரப்போகிறவர் மேல் இந்த மாதம் புகார் எழுதுகிற துணிச்சல்காரரை அவர்களே கூட்டிவரட்டும். வருமான வரியில் ஊக அடிப்படைக் கணக்கு இருக்கிறது, வரவில் பாதியை மட்டும் வருமானமாகக் காட்டினால் போதும் என்பது அடுத்த வாதம். வரவே தேதி தப்பி வரும் வீட்டுக்குப் பாதி என்ன, முழுசு என்ன. இன்னும் சிலர், ‘அவர்களாகத் தேர்ந்தெடுத்த வாழ்க்கைதானே’ என்பார்கள். மாதச் சம்பளத்தில் உட்கார்ந்து இதைச் சொல்பவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை.

நியூயார்க் நகரம் 2017 மே மாதம் ஒரு சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். பணம் கொடுக்கும் நாள் ஒப்பந்தத்தில் இல்லையென்றால், வேலை முடிந்த 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். ஏமாற்றினால் இரட்டிப்பு இழப்பீடு. 2024 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலம் முழுவதுமே அப்படி ஒரு சட்டத்துக்குள் வந்துவிட்டது. அங்கே செயலி வழியாக வந்த வேலையா, அத்தை மகன் வழியாக வந்த வேலையா என்று கேட்பதில்லை. வீடுசார் வேலைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177ஆவது உடன்படிக்கை 1996இலேயே வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. முதலாளித்துவத்தின் தலைநகரமே ஒத்துக்கொண்டதை, சமதர்மம் பேசும் நாம் வரைவு விதியில்கூடச் சேர்க்கத் தயங்குகிறோம்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. 90 நாள், 120 நாள் கணக்கில் செயலிக்கு வெளியே பார்த்த வேலையையும் ரசீது அடிப்படையில் சேர்க்க வேண்டும். 30 நாள் தாண்டிய பாக்கிக்கு, புகார் இல்லாமலேயே வட்டி ஏற வேண்டும். 12 லட்சத்துக்குக் கீழே இருப்பவரிடம் வரிப் பிடித்தத்தை நிறுத்த வேண்டும். தமிழ்நாடு அரசு தனியாகக் கிக் தொழிலாளர் நல வாரியம் அமைத்திருக்கிறது. அதன் கதவையும் தளம் சாராதவர்களுக்குத் திறந்துவிடலாம், டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலைக்கான பணம் முப்பது நாளில் வரும் என்று ஒரே ஒரு சட்டம் வந்து அது மதிக்கப்பட்டால், போடியிலிருந்து கம்பம் வரை நகைக்கடன் கடைகளில் பாதி ஓராண்டுக்குள் மூடப்பட்டுவிடும்.