சான்றிதழ் எங்கள் பேரில் இருக்கட்டும்

திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது. வடகாடு, கீரமங்கலம், ஆலங்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போகிறார்கள். நம் நாட்டுக் காய்கறியும் அங்கிருந்துதான் விமானம் ஏறுகிறது. ஆனால் விளைவித்தவருக்குத் தன் காய் எங்கே போகிறது என்று தெரியாது. கமிஷன் மண்டியில் எடை போட்டுச் சீட்டு வாங்கியதோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. இதை மாற்றவே புதுக்கோட்டை மாவட்டத்துச் சிறு, குறு விவசாயிகளாகிய நாங்கள் இயக்கமாகக் கூடுகிறோம்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. அதற்கு முந்தைய ஆண்டு நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பந்தலில் உட்கார்ந்தோம். மண்ணைக் காத்தால் மட்டும் போதாது, அதில் விளைவதற்கு நியாயமான விலையும் வேண்டும். அந்த விலை கிடைக்கும் சந்தைகளில் ஒன்று கடலுக்கு அப்பால் இருக்கிறது. அதன் வாசலில் ஒரு பூட்டு தொங்குகிறது.

அந்தப் பூட்டு என்ன என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு பூச்சிமருந்துக்குத் தனி வரம்பு வகுக்கப்படாதபோது ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் எச்சம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது 100 டன் காயில் 1 கிராம். இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலை, வெண்டை, முருங்கைக்காய் மூன்றையும் ஒன்றியம் கூடுதல் சோதனைப் பட்டியலில் சேர்த்தது. மூன்றும் நம் தோட்டத்துப் பயிர்கள். நம்மில் பலர் மருந்துக்கடைக்காரர் கொடுப்பதை, இரண்டு மூன்றை ஒன்றாகக் கலந்து, அடித்த இரண்டாம் நாளே பறிக்கிறோம். மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. அதையும் மீறி அடித்த காயை முதலில் தின்பது நம் வீட்டுப் பிள்ளைகள். ஆகவே தரக்கட்டுப்பாட்டை வெள்ளைக்காரன் சதி என்று நாங்கள் சொல்லப் போவதில்லை.

ஆனால் அந்தத் தரத்தைச் சுமப்பது யார் என்பதில் எங்களுக்குக் கடுமையான வழக்கு உண்டு. ஐரோப்பிய சூப்பர் மார்க்கெட்டுகள் 1997இல் யூரெப்கேப் என்று தொடங்கி, 2007இல் குளோபல்கேப் என்று பெயர் மாற்றிய பண்ணைத் தர விதிமுறைகள் வந்தபோது, கென்யாவில் பச்சை பீன்ஸ் பயிரிட்ட சிறு விவசாயிகள் பலர் சான்றிதழ்ச் செலவு தாங்காமல் ஏற்றுமதியை விட்டே வெளியேறினார்கள். இன்னொரு வழியும் இருக்கிறது. மகாராஷ்டிரத் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள் 1991இல் மகாகிரேப்ஸ் என்று ஒன்றுசேர்ந்து தாங்களே கப்பல் ஏற்றின. 2010இல் குளோர்மெக்வாட் என்ற மருந்தின் எச்சத்தால் இந்தியத் திராட்சை ஐரோப்பாவில் பெரிய அடி வாங்கியது. அப்படியும் அந்த வணிகம் அழியவில்லை. ஏனென்றால் எந்தக் குலை எந்தத் தோட்டத்தில் காய்த்தது என்பதைப் பதிவெண்ணை வைத்துக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டை வேளாண் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பான அபீடா முன்பே செய்திருந்தது.

குளோபல்கேப் விதியிலேயே குழுச் சான்றிதழுக்கு இடம் உண்டு. 64 பேர் கொண்ட குழுவில் ஒவ்வொருவர் தோட்டத்தையும் குழுவே ஆண்டுதோறும் ஆய்வு செய்ய வேண்டும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் அதன் வர்க்கமூலமான 8 தோட்டங்களையாவது பார்த்தால் போதும். செலவு பங்கு பிரிந்துவிடும். பொறுப்பு பங்கு பிரியாது. குழுவின் கட்டுப்பாடு குலைந்தால் எல்லாருடைய சான்றிதழும் சேர்ந்தே நின்றுபோகும்.

ஆனால் பெரும்பாலும் இந்தச் சான்றிதழ்ச் செலவை ஏற்றுமதியாளர் ஏற்கிறார், சான்றிதழையும் தன் பேரில் வைத்துக்கொள்கிறார். நோட்டு எழுதி, கைகழுவ இடம் கட்டி, மருந்தைத் தனியறையில் பூட்டிவைத்த விவசாயி நாளைக்கு வேறொருவருக்கு விற்க நினைத்தால் அவர் கையில் ஒன்றும் இருக்காது. எங்கள் இயக்கத்தின் முதற்கொள்கை இதுதான்: சான்றிதழ் விவசாயிக் குழுவின் பேரிலேயே இருக்கும். முன்பணம் எவ்வளவு பெரிதானாலும் அதை எவருக்கும் எழுதிக் கொடுக்கமாட்டோம்.

அந்த உரிமைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் ஆதாரம். எந்தத் துண்டு நிலம், என்ன பூச்சி, எந்த மருந்து, எத்தனை மில்லி, யார் அடித்தது, அடித்த தேதி, பறிக்கலாம் என்று லேபிள் சொல்லும் தேதி, இவை ஒரே வரியில் வர வேண்டும். கடை ரசீதை அதே பக்கத்தில் ஒட்ட வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பேத்தி எழுதிக் கொடுக்கலாம், தப்பில்லை. அடித்ததை மறைத்து எழுதினால் மட்டும் அந்தப் பருவம் முழுக்க அவர் காய் குழுவோடு போகாது.

பட்டா யார் பேரில் இருந்தாலும், குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுது பாடுபடுபவர் உறுப்பினராகலாம். பெரும்பாலான வீடுகளில் பட்டா ஆணின் பேரில் இருக்க, களையெடுப்பதும் பறிப்பதும் பெண்கள். அவர்கள் தங்கள் சொந்தப் பேரிலேயே வாக்குள்ள உறுப்பினர்களாவார்கள். மருந்தடிக்கும் கூலியாளுக்கு முகக்கவசமும் கையுறையும் குழுச் செலவு. தோட்டத்தில் கழிப்பறை இல்லாமல் ஆய்வுக்கு விண்ணப்பிக்க மாட்டோம்.

வெளிநாட்டுக்குச் சுத்தமான காய், உழவர் சந்தைக்கு மருந்துக் காய் என்ற பிரிவினையை அடியோடு மறுக்கிறோம். ஏற்றுமதிக்கு வளைந்தது, குட்டை என்று கழித்த காய் உள்ளூருக்கு வரலாம். எச்சத்தால் கழிந்த காய் எங்கும் போகாது.

அரசிடம் நாங்கள் கேட்பது இரண்டு. ஆலங்குடி வட்டாரத்தில் விவசாயிக் குழுக்களே நடத்தும், குளிரூட்டும் வசதியோடு அபீடா அங்கீகாரம் பெற்ற சிப்பம் கட்டும் கூடம். எச்சப் பரிசோதனைக் கட்டணத்தை முதல் மூன்று ஆண்டுகள் ஏற்கும் உதவி. வம்பன் வேளாண் அறிவியல் நிலையமும் குடுமியான்மலை வேளாண் கல்லூரியும் எங்கள் உள் ஆய்வாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறோம்.

முதல் பருவத்துக்கு முருங்கையையும் வெண்டையையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். பலாவுக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் நீண்ட தூரம் அனுப்பும் பக்குவத்தை நாங்கள் இன்னும் கற்க வேண்டும். சேர விரும்புகிறவர் சந்தாவோடு, சோதித்துப் பார்க்கத் தன் கிணற்று அல்லது போர் தண்ணீரில் ஒரு பாட்டிலும், கடைசியாக வாங்கிய மருந்தின் ரசீதும் கொண்டு வரட்டும். ரசீது இல்லாதவர் காலி டப்பாவைக் கொண்டு வந்தாலும் சேர்த்துக்கொள்வோம்.