பெட்டியை மாற்றுமுன் செவியைக் கேளுங்கள்



படித்து முடித்து வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளிடம் அண்மைக் காலமாக ஒரு புதிய ஆர்வத்தைக் காண்கிறேன். நல்ல ஹெட்போன் வாங்குகிறார்கள். மகிழ்ச்சி! ஆனால், வாங்கிய சில மாதங்களிலேயே, "ஐயா, ஒலி இன்னும் சிறக்க எந்த ஆம்ப்ளிஃபயர் வாங்கலாம்?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். பழைய ஒலிநாடாக்களையும் இசைவட்டுகளையும் சேர்த்து வைத்திருப்பவன் என்று ஜெஞ்சாரோமில் எனக்கொரு பெயர் உண்டு. அதனால் இக்கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது.

(ஹெட்போனுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நல்ல தமிழ்ச்சொற்கள் உண்டு. ஆயினும், கடையில் எந்தப் பெயரைச் சொன்னால் பொருள் கைக்கு வருமோ அந்தப் பெயரையே இங்கு எழுதுகிறேன். தமிழன்பர்கள் பொறுத்தருள்க.)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலியை மேம்படுத்தும் படிகளில் ஆம்ப்ளிஃபயர் கடைசிப் படி, முதற்படி அன்று. நம்மவர்களோ கடைசிப் படியிலிருந்து ஏறத் தொடங்குகிறார்கள். 2025-ஆம் ஆண்டு இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அவ்வளவு தொகையை ஒரே பெட்டியில் போட்டுவிட்டு, "வித்தியாசம் தெரிகிறதா, தெரியவில்லையா?" என்று குழம்பும் இளைஞரைக் கண்டால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

ஆம்ப்ளிஃபயரின் வேலை என்ன?

கைப்பேசியிலோ கணினியிலோ உள்ள பாடல் எண்களின் வரிசையாகவே இருக்கிறது. அதை மின்னலையாக மாற்றுவது ஒரு கருவி; அந்த மின்னலைக்கு ஹெட்போனை இயக்கும் வலுவைத் தருவது ஆம்ப்ளிஃபயர். அதன் கடமை அவ்வளவே! பாடலில் இல்லாத இனிமையை அது படைத்துத் தருவதில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 ஓம் மின்தடையும், 1 மில்லிவாட்டுக்கு 97 டெசிபெல் ஒலியும் கொண்ட ஒரு ஹெட்போனை எடுத்துக்கொள்வோம். கைப்பேசியில் செருகும் சிறிய இணைப்பி 1 வோல்ட் தருமானால், ஹெட்போனுக்குச் சேரும் திறன் ஏறக்குறைய 3.3 மில்லிவாட். அதனால் எழும் உச்ச ஒலி ஏறத்தாழ 102 டெசிபெல். பெரும்பாலான திரைப்பாடல்களுக்கு இது தாராளம். மெல்லிய ஒலியில் பதிவான கருநாடக இசைக்கும் சிம்பொனிக்கும் சற்றுப் போதாமல் போகலாம். அப்போது 2 வோல்ட் தரும் கருவி இருந்தால் இன்னும் 6 டெசிபெல் கிடைக்கும். 32 ஓம் ஹெட்போன்களிலோ பெரும்பாலானவற்றை நூறு ரிங்கிட்டுக்கும் குறைந்த விலையில் கிடைக்கும் இணைப்பியே செவ்வனே இயக்கிவிடும்.

ஆகவே, ஆம்ப்ளிஃபயர் வாங்குவதற்கு நியாயமான காரணங்கள் என நான் கருதுபவை மூன்று:

1. ஒலியளவை முழுமையாக ஏற்றியும் சத்தம் போதாமை.

2. கருவியின் வெளியீட்டு மின்தடை மிகுதியாக இருத்தல். ஹெட்போனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்குள் இது அடங்கியிருப்பது நல்லது. 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம். பழைய வீட்டு ஸ்டீரியோக்கள் பலவற்றில் ஹெட்போன் துளை பெரிய மின்தடைகளின் வழியே இணைக்கப்பட்டிருக்கும். அதில் சில ஹெட்போன்களைச் செருகினால் தாழ்சுரம் வீங்கிக் கேட்கும்.

3. இரைச்சல், அல்லது ஒலியளவைக் குறைக்கும்போது ஒரு காதில் மட்டும் சத்தம் குன்றுதல்.

இம்மூன்றும் இல்லையென்றால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்! புளூடூத் வழி இயங்கும் ஹெட்போனுக்கு அதன் உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து இன்னொன்று வாங்குவதில் பொருளே இல்லை.

"எனக்கு வித்தியாசம் தெரிகிறதே, ஐயா!"

இது நேர்மையான மறுப்பு. கேட்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால், சத்தம் சற்றுக் கூடினாலே ஒலி சிறந்ததாக நம் செவிக்குத் தோன்றும். ஒலியளவு மாறும்போது தாழ்சுரத்தையும் உச்சசுரத்தையும் செவி உணரும் விதமும் மாறுகிறது என்பதை ஃபிளெட்ச்சர், மன்சன் எனும் இருவர் 1933-ஆம் ஆண்டிலேயே ஆய்ந்து வெளியிட்டனர். புதிய பெட்டி பழையதைவிடச் சற்று உரக்க ஒலித்தால், "ஆகா!" என்று மனம் வியந்துவிடுகிறது.

2007-இல் மேயர், மோரன் என்னும் அமெரிக்கர் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உயர்தர இசைவட்டின் ஒலியையும், அதையே சாதாரண இசைவட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் தரத்துக்குக் குறைத்த ஒலியையும், எது எதுவெனச் சொல்லாமல் கேட்க வைத்தனர். 554 முறை சோதித்ததில் சரியான விடைகள் 276. நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும்! அந்த ஆய்வைக் குறைகூறுவோரும் உண்டு, இருக்கட்டும். நம் வீட்டிலேயே நாம் சோதிக்கலாமே! இரண்டு கருவிகளின் ஒலியளவையும் சமமாக்குங்கள். தம்பியையோ தங்கையையோ நமக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். 10 முறையில் 9 முறையாவது சரியாகச் சொல்ல முடிந்தால் உங்கள் செவியை நம்பலாம். வெறும் ஊகத்தால் அப்படி அமைவது நூற்றில் ஏறக்குறைய ஒரு முறைதான்.

எங்கே தொடங்குவது?

முதலில் பாடலைக் கவனியுங்கள். நம்மவர் பலர் கேட்கும் பழைய பாடல்கள் யாரோ ஒலிநாடாவிலிருந்து எடுத்து, சுருக்கி, மீண்டும் சுருக்கி இணையத்தில் ஏற்றியவை. அழுக்கு நீரைத் தங்கக் குவளையில் ஊற்றினாலும் அது அழுக்கு நீர்தானே? ஆப்பிள் மியூசிக் 2021 முதல் தரம் குறையாத வடிவத்தைக் கூடுதல் கட்டணமின்றி வழங்குகிறது. பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலின் வார இறுதிச் சந்தை பழைய இசைத்தட்டு தேடுவோர் அறிந்த இடம். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) தொகுப்பை நல்ல பதிவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வயலின்களுக்கு இடையே உள்ள இடைவெளியும் செவிக்குப் புலப்படும்.

அடுத்து, ஹெட்போனின் காதுமெத்தை. நம் நாட்டு வெப்பத்திலும் வியர்வையிலும் செயற்கைத் தோல் சில ஆண்டுகளில் உரிந்துவிடுகிறது. உள்ளிருக்கும் பஞ்சும் தட்டையாகிவிடுகிறது. அதனால் ஒலியின் சமநிலையே மாறிவிடும். புதிய மெத்தை மாட்டினால் பழைய ஹெட்போன் மீண்டும் உயிர்பெறும்.

மூன்றாவது, மின்சாரம். மடிக்கணினியில் இணைத்துக் கேட்கும்போது 'ம்ம்ம்' என்று இரைகிறதா? மின்னூட்டியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். இரைச்சல் நின்றால் குறை மின்சார வழியில் இருக்கிறது, ஹெட்போனில் இல்லை. ஒருவேளை யாராவது, "மூன்று முள் செருகியில் நிலக்கம்பியைத் துண்டித்துவிடு, இரைச்சல் நிற்கும்" என்று அறிவுரை சொன்னால் கேட்காதீர்கள். அது உயிரோடு விளையாடுவது! கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமின்னலுக்கும் குறைவில்லை. வானம் இருண்டால் செருகியைக் கழற்றிவிடுவதே நல்லது.

நான்காவதாகத்தான் புதிய ஹெட்போன். ஒரு ஹெட்போனுக்கும் இன்னொரு ஹெட்போனுக்கும் உள்ள வேறுபாடு, நன்றாக வடிவமைக்கப்பட்ட இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையே உள்ளதைவிடப் பன்மடங்கு பெரிது. இவை அனைத்துக்கும் பிறகே ஆம்ப்ளிஃபயர்.

வாங்குவதைவிடச் செய்வது மேல்

ஆசை விடவில்லையா? சொந்தக் கையால் ஒன்று செய்து பாருங்களேன்! சூ மோய் என்பவர் வடிவமைத்த சிறு ஆம்ப்ளிஃபயர் 9 வோல்ட் மின்கலத்தில் இயங்குவது. ஆர்வலர்கள் அதனை மிட்டாய்த் தகர டப்பாவுக்குள் பொருத்தி உலகப் புகழ் பெறச் செய்தனர். 2011-இல் பெயரை வெளியிடாத ஒருவர், 'ஓ2' என்னும் ஆம்ப்ளிஃபயரின் முழு வரைபடத்தையும் அளவீடுகளோடு எல்லாருக்கும் இலவசமாகத் தந்தார். அதன் வெளியீட்டு மின்தடை ஏறக்குறைய அரை ஓம்தான். கோலாலம்பூர், புடு வட்டாரத்து ஜாலான் பாசார் மின்னணு உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன தெரு. அங்கு ஒரு சனிக்கிழமை நடந்தால் தேவையான பாகங்களில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பற்றவைப்புக் கோலைப் பிடித்துச் செய்து முடித்தவனுக்கு மின்தடை என்றால் என்னவென்று மறக்கவே மறக்காது. கடையில் வாங்கிய பெட்டி இந்தப் பாடத்தைக் கற்பிக்குமா?

அழகான கருவியை வைத்திருப்பதில் உள்ள இன்பத்தை நான் பழிக்கவில்லை. குமிழ் வழுக்கிச் சுழல்வதும் உலோகப் பெட்டியின் கனமும் மனத்துக்கு இதமானவைதாம். வசதியுள்ளோர் வாங்கி மகிழட்டும்! ஆனால், அதை 'ஒலியின் தரம்' என்று சொல்லி இளையோரைக் கடனாளியாக்க வேண்டாம்.

விலைக்கு வாங்க முடியாத கருவி

இறுதியாக, ஆசிரியன் என்ற முறையில் ஒன்று. வலுவான ஆம்ப்ளிஃபயரை வாங்கியவர் பெரும்பாலும் ஒலியளவைக் கூட்டியே கேட்கிறார். 85 டெசிபெல் ஒலியை ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100 டெசிபெல்லுக்கு வெறும் 15 நிமிடம்! பாதுகாப்பற்ற முறையில் ஒலியைக் கேட்பதால் 110 கோடி இளையோர் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் உள்ளனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டு எச்சரித்தது.

பேரொலியால் ஏற்படும் கேடு பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில், 4 கிலோஹெர்ட்ஸ் அருகே, தொடங்குகிறது. மெய்யொலிகள் பலவற்றை வேறுபடுத்தி அறிய நமக்கு உதவுவதும் அந்த மேற்பகுதிதான். அது மங்கினால் பேச்சு காதில் விழும், சொல் விளங்காது. 'கேட்டல்' திறனையே முதல் திறனாக வைத்து நாம் வகுப்பில் மொழி கற்பிக்கிறோம். அத்திறனின் வாயிலை இரைச்சலால் அடைத்துக்கொள்ளலாமா?

இசைக்கருவிகளும் ஒலிக்கருவிகளும் பழுதானால் மாற்றலாம். உட்செவியில் இறந்துபோன மயிரிழை உயிரணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை. எனவே, ஒலியளவைக் குறைத்து, நல்ல பதிவைத் தேடி, பொறுமையாகக் கேளுங்கள். அதைவிடப் பெரிய மேம்பாடு எந்தக் கடையிலும் விற்கப்படுவதில்லை.

சிந்திப்போம், செயல்படுவோம்!