கொல்லிமலையில் 5 அடி கட்டர் எதுக்கு? மினி டிராக்டர்காரர்கள் போட வேண்டிய கணக்கு

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி கொல்லிமலைக்குப் போகும் மினி டிராக்டர், கீழே காட்டிய அதே சக்தியை மேலேயும் காட்டுமா? காட்டாது. களை வெட்டும் ரோட்டரி கட்டர் வாங்கும்போது கோட்டை விடுவது இங்கேதான்.

முதல்ல ஒரு குழப்பம். ரோட்டவேட்டர் வேற, ரோட்டரி கட்டர் வேற. ரோட்டவேட்டர் மண்ணைக் கிளறிப் போடும். கட்டர் மண்ணைக் கிளறாமல், மேலே நிற்கும் புல்லையும் புதரையும் மட்டும் வெட்டும். மழைக்கு மண் கரைந்தோடும் சரிவில், களைக்காக மட்டும் என்றால் கட்டர்தான் சரி.

சரி, எத்தனை அடி? பானெட்டில் எழுதியிருக்கும் எச்.பி.யை வைத்து முடிவு பண்ணக் கூடாது. கட்டரைச் சுற்றுவது பின்பக்க பி.டி.ஓ. ஷாஃப்ட். 24 எச்.பி. டிராக்டரில் அங்கே வந்து சேர்வது சுமார் 20 முதல் 22 எச்.பி.தான். கொல்லிமலையோ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். காற்று லேசாக இருப்பதால், டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3% சக்தியை இழக்கும். மிஞ்சுவது 18, 19 எச்.பி. ஓர் அடி அகலத்துக்கு 5 பி.டி.ஓ. எச்.பி. என்பது பொதுவான கணக்கு. 5 அடிக்கு 25 வேணும். ஆக, 4 அடியே அதிகபட்சம். புதர் தடியாக இருந்தால் அதுவும் திணறும்.

எடையும் இருக்கு. பின்னால் பாரம் கூடினால், ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. சமவெளியில் இது எரிச்சல், மலையில் உயிர் பிரச்னை.

மானியமும் இதற்கு விடை சொல்லாது. 2014-15இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டம் கருவிகளை டிராக்டரின் எஞ்சின் சக்தியை வைத்துப் பிரிக்கிறது: 20க்குக் கீழ், 20 முதல் 35, அதற்கு மேல். 22 எச்.பி.யும் 34 எச்.பி.யும் ஒரே பெட்டியில்! பழங்குடியினர், சிறு, குறு விவசாயிகளுக்கு வரம்புக்கு உட்பட்டு 50% வரை கிடைக்கும் என்பதற்காகப் பெரிய கட்டரைத் தூக்கி வருவது நஷ்டம்தான். மலைப் பகுதிக்கென உயரத்தைக் கணக்கில் எடுக்கும் தனிப் பரிந்துரையை விதியிலேயே சேர்க்கலாமே?

வாங்குபவர்கள் ஷியர் போல்ட் அல்லது ஸ்லிப் கிளட்ச் இருக்கான்னு கேட்கணும். கல்லில் பிளேடு மோதினால் போல்ட் உடையட்டும், கியர்பாக்ஸ் உடையக் கூடாது. தெறிக்கும் கல்லுக்காக, ஓடும்போது பக்கத்தில் ஆள் நிற்கவும் கூடாது. சில்வர் ஓக்கில் மிளகு ஏறி, நடுவே காபி நெருங்கி நிற்கும் தோட்டத்திலும், செங்குத்தான சரிவிலும் டிராக்டரே வேண்டாம். அங்கே தோளில் மாட்டும் பிரஷ் கட்டர் போதும்.