ஜெயித்த காசு எங்கே, சார்?

பக்கத்து சீட் தம்பி போன வெள்ளிக்கிழமை டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. எலுமிச்சை சாதத்தை வேண்டாம் என்று சொல்கிற ரகம் இல்லை அவன். விசாரித்தேன். தயங்கித் தயங்கி மொபைலை நீட்டினான். ஏதோ ஒரு சீட்டாட்ட ஆப். அதில் பச்சை எழுத்தில், 'பேலன்ஸ் ரூ.84,000'.

"அட, ட்ரீட் எப்போ?" என்றேன்.

"எடுக்க முடியலை சார். முதல்ல பதினஞ்சு பர்சன்ட் வரி கட்டணுமாம். 12,600. கட்டினா அரை மணியில அக்கவுன்ட்ல ஏறிடுமாம்."

ஏற்கெனவே போட்டது 22,000. அதில் 9,000 நேற்று ராத்திரி போட்டது. இப்போது பையில் தயாராக இருந்ததோ தங்கையின் காலேஜ் ஃபீஸுக்காக அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணம். கட்டை விரல் மொபைல் மேலேயே இருந்தது. பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு, மிஷன் வீதியில் இருக்கும் என் வக்கீல் நண்பரிடம் அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

நண்பருடைய தாத்தா சொல்தா. பிரெஞ்சு பென்ஷனில் வளர்ந்த குடும்பம். அதனால் எதைக் கேட்டாலும் நெப்போலியனிடமிருந்துதான் ஆரம்பிப்பார்.

"கேஸ் போட்டு ஜெயிச்ச காசை வாங்க முடியுமா சார்?" என்றான் தம்பி.

"தம்பி, 1804-ம் வருஷத்து பிரெஞ்சு சிவில் சட்டம், 1965-ம் பிரிவு. சூதாட்டக் கடனுக்கும் பந்தயப் பணத்துக்கும் கோர்ட் கதவு திறக்காது. சரி, நம்ம ஊருக்கு வெள்ளைக்காரன் சட்டம் வந்ததே, அது என்ன சொல்லுது? 1872 ஒப்பந்தச் சட்டம், 30-வது பிரிவு. பந்தய ஒப்பந்தம் செல்லாது, அதில் ஜெயிச்சதைக் கேட்டு வழக்குப் போட முடியாது. எல்லாத்துலயும் அடிச்சுக்கிட்ட ரெண்டு பேரும் இதுல மட்டும் ஒத்துமை!"

குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் இரண்டு சட்டத்திலும் ஏதோ ஒரு சலுகை உண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் ஓட்டப் பந்தயத்தையும், உடம்பை வளைக்கிற மற்ற ஆட்டங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நம்மூரில் சாயங்காலம் இரும்புக் குண்டு உருட்டி பெத்தாங் ஆடும் பெரியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். கட்டை விரல் மட்டும் ஆடுவது உடற்பயிற்சியில் வராது.

தம்பி விடவில்லை. "ரம்மி திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்காமே?"

"1967-ல சொன்னாங்க. 2023 நவம்பர்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டும் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம்ங்கிற பட்டியல்ல இருந்து எடுத்துச்சு. ஆனா 2025 ஆகஸ்ட் 22-ல் ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமான்னே கேக்கலை. காசு கட்டி, காசை எதிர்பார்த்து ஆன்லைன்ல ஆடற ஆட்டம் மொத்தத்துக்கும் தடை."

தம்பிக்கு முகம் வெளுத்தது. "அப்ப என்னை..?"

"அந்தச் சட்டத்துல ஆடினவனுக்குத் தண்டனை இல்லை. ஆட்டம் நடத்தினவனுக்குத்தான் மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம். ஆனா கோரிமேட்டைத் தாண்டி ஆடிடாதே. தமிழ்நாட்டோட 2022 சட்டத்துல ஆடறவனுக்கும் மூணு மாசம் வரைக்கும் உண்டு."

பெட்ரோல் போடவும் வேறு சில திரவங்களுக்காகவும் எல்லை தாண்டி இங்கே வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கணக்கு எனக்குப் புதிது.

பிறகுதான் நண்பர் மொபைலை வாங்கிப் பார்த்தார். வரி என்ற வார்த்தையைக் கண்டதும் சிரித்தார். ஆன்லைன் ஆட்டத்தில் ஜெயிக்கிற பணத்துக்கு 2023 ஏப்ரலிலிருந்து 30 சதவீதம் வருமான வரி போட்டார்கள். ஆனால் அதை நடத்துகிற கம்பெனியே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தரவேண்டும். யாரோ ஒருத்தருடைய யு.பி.ஐ.-க்கு நாம் அனுப்புகிற சமாசாரம் இல்லை. (கோர்ட்டில் கேட்கவே முடியாத காசுக்கு வரி மட்டும் உண்டு என்பதை நாலு தடவை யோசித்தும் எனக்குப் புரியவில்லை.)

"இது பந்தயத் தகராறே இல்லைப்பா, மோசடி. பிரெஞ்சு சட்டத்துலயே தோத்தவன் தானா குடுத்ததைத் திருப்பிக் கேக்க முடியாது, ஆனா எதிராளி ஏமாத்தியிருந்தா கேக்கலாம்னு எழுதியிருக்கான். 84,000-ஐ மறந்துடு. அது வெறும் பச்சை எழுத்து. நீ போட்ட 22,000-ஐப் பேசு."

"கன்ஸ்யூமர் கோர்ட்?" என்றேன் நான், என் பங்குக்கு.

"உள்ளூர்ல பதிவான கம்பெனி, ஆடாம கிடக்கற டெபாசிட்டைத் தரலைன்னா நோட்டீஸ் விடலாம், வாதாடலாம். 2025-ல சட்டம் வந்ததும் பெரிய கம்பெனிங்க பணம் கட்டறதை நிறுத்திட்டு மீதியை எடுத்துக்கச் சொன்னாங்க. இவனுக்கு விலாசமே இல்லையே. நோட்டீஸை யாருக்கு அனுப்பறது, ஸ்பேட் ராணிக்கா?"

அங்கேயே 1930-க்குப் போன் போட வைத்தார். பணம் போன தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்டார்கள். சைபர் க்ரைம் வெப்சைட்டிலும் புகார் பதிவானது. வாட்ஸ்அப் பேச்சு, பாங்க் ஸ்டேட்மென்ட் ஒன்றையும் அழிக்கக் கூடாது என்றார். ஆப்பை அந்த நிமிஷமே தூக்கி எறியத்தான் தம்பிக்கு ஆசை. முதலில் எல்லாத் திரையையும் படம் பிடிக்க வைத்தோம்.

புகாரில் 'ஆடினேன்' என்று எழுத அவனுக்கு வெட்கம். 'முதலீடு செய்தேன்' என்று போடலாமா என்றான். பொய் எழுதினால் ஸ்டேட்மென்ட்டே காட்டிக்கொடுத்துவிடும் என்று நண்பர் அடித்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை தகவல் வந்தது. நேற்று ராத்திரி போட்டதாகச் சொன்னானே 9,000, அது போன அக்கவுன்ட்டிலேயே முடக்கப்பட்டிருக்கிறது. கைக்கு வர இன்னும் அலைச்சல் பாக்கி. மற்ற 13,000 நாலு அக்கவுன்ட் மாறிப் போய்விட்டதாம். காலேஜ் ஃபீஸை நானே கூடப்போய்க் கட்டவைத்தேன்.

நேற்று மறுபடி ஒரு மெசேஜ் வந்திருப்பதாகக் காட்டினான். இன்று இரவுக்குள் கட்டினால் வரியில் 20 சதவீதம் தள்ளுபடியாம். இருபது வருஷமாக வருமான வரி கட்டுகிறேன்... ஆடித் தள்ளுபடி எனக்கு ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை.